பயின் மரத்தின் தலைக்கொழுந்து

அன்று காலை கரமனை ஆற்றங்கரையில், சீதா மாமி வீட்டுக் கொல்லையில் இருந்தவர்கள் நான்கு பேர். எங்கள் தாவரவியல் தோட்டத்தின் விஞ்ஞானி ஸ்ரீகுமார் சார். அவருக்கு உதவியாளனாக இருந்த நான். வீட்டுக்காரியான மாமி. சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு மணி பார்த்தபடி நின்ற அவருடைய மகன். வராதவர் ஒருவர்தான், மரம் ஏறும் செல்வராஜ் அண்ணன். எங்கள் தோட்டத்தில் காய்க்கிற பயின் மரம் ஒன்றுகூட ஏன் இல்லை என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் காலையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைத்தான்.

அந்தப் பிள்ளைகள் எனக்குப் பிறகு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள். நான் பில் போடுகிற ஆரியசாலைக் கடைக்கு எதிரே டீ குடிக்க வருவார்கள். என்னைப் 'பென்ஷன் சேட்டன்' என்று கூப்பிடுவார்கள். எனக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஒப்பந்தம் முடிந்து நான் வெளியேறிய மாதத்தில் ஒரு டிரைவர் நிஜமாகவே ஓய்வு பெற்றார். ஒரே பேனரில் இரண்டு பெயரையும் எழுதி, எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். டிரைவருக்குப் பென்ஷன் உண்டு. எனக்குப் பொன்னாடை மட்டும். ஆகவே இதை ஓய்வு பெற்றவனின் நினைவுகள் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பயின் என்று மலையாளத்தில் சொல்வது ஜாதிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு மரங்களை. அதில் ஒரு வகை கடலோரத் தாழ்நிலத்தில், ஆற்றோரச் சேற்றில் வளரும். பட்டையைக் கீறினால் சிவப்பாக வடியும். மலையாளத்தில் சோர என்றால் ரத்தம், அதனால் சோரப்பயின் என்பார்கள். காய் பிளந்தால் உள்ளே கொட்டையைச் சுற்றி ஜாதிபத்திரி போலவே சிவப்பு வலை இருக்கும், மணம் இருக்காது. மணம் இல்லாததால் யாரும் நடவில்லை. கட்டை மெத்தென்று இருப்பதால் யாரும் காக்கவும் இல்லை. வயலை நிரப்பி வீடு கட்டியபோதெல்லாம் முதலில் விழுந்தது இந்த மரம்தான்.

இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. எங்கள் தோட்டத்தில் யாரோ முன்பு விதை போட்டு வளர்த்த மரங்கள் நான்கு இருந்தன. நான்கும் ஆண். ஒரு பெண் மரம் கிடைத்தால் விதை உண்டு, விதை உண்டானால் இந்த இனம் பிழைக்கும். எங்கள் திட்டம் முழுவதும் இவ்வளவுதான்.

நான் அதில் சேர்ந்த கதை நீளமானது அல்ல. அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு தோட்டக்கலை டிப்ளமோ, பிறகு ஒப்பந்த வேலை. திட்டத்தின் முதல் கட்டம் வென்றால் இரண்டாம் கட்டம் வரும், அதில் உதவியாளர் இடம் நிரந்தரமாகும் என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"பெர்மனென்ட் ஆயிருமாலே?"

"மரம் நின்னா ஆயிரும்பா."

"மரம் நிக்காம பின்ன ஓடியா போவும்?" என்று சிரித்தார். சாரத்தில் நின்று பூசுகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி வைத்தார்.

ஸ்ரீகுமார் சார் மிளகுப் பிரிவிலிருந்து வந்தவர். கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் பேசுவார். 'கேட்டோ', 'அல்லே' இரண்டையும் அதில் தாராளமாகத் தூவுவார். அவர் திட்டி நான் கேட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் தோளுக்குப் பின்னால் நிற்பார். ஒட்டுக் கட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். துடைக்க மறந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாம் கத்தியைத் துடைக்கும்வரை அவர் கண்ணாடி சுத்தமாகாது. பிடிக்காமல் கருகிப்போன ஒட்டுகளைத் தூக்கி எறிய விடமாட்டார். நம் மேசைக்கு மேலே ஒரு கயிறு கட்டி, கருவாடு மாதிரி வரிசையாகத் தொங்கவிடுவார். "அதைப் பார்த்துக்கொண்டு அடுத்ததைக் கட்டு, கேட்டோ." முதல் மழைக்காலம் முழுக்க என் தலைக்கு மேல் அந்தத் தோரணம் ஆடியது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கை திருந்தியது.

கரமனையில் ஒரு பெண் மரம் இருப்பதாக முதலில் கேள்விப்பட்டவர் அவர்தான். அக்கிரகாரத் தெருவின் கடைசியில், கொல்லை ஆற்றில் இறங்குகிற வீடு. போய்ப் பார்த்தோம். சீதா மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ தமிழ்ப் பிள்ளையா? அப்பா என்ன பண்றார்?"

"கட்டட வேலை, மாமி."

"சரி. கொல்லைப் பக்கமா சுத்திண்டு வா." சாருக்கு முன்வாசல் திறந்தது. இருவரும் மரத்தடியில் சந்தித்துக்கொண்டோம்.

மரம் ஆற்றைப் பார்த்துச் சற்றே சாய்ந்து, வழுவழுவென்று கிளையில்லாமல் வெகு உயரம் போய், அதற்கு மேல் குடை குடையாகக் கிளை விரித்து நின்றது. மிகக் கீழே இருந்த ஒரு கிளை வட்டம் மட்டும் ஆற்று மேட்டின் பக்கமாகத் தாழ்ந்திருந்தது. உதிர்ந்த பூக்களைச் சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பெண்" என்றார். லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"மரத்துக்கு ஆம்பளை பொம்மனாட்டி உண்டா?" என்றார் மாமி. "நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல காய்ச்சுது. அடுத்தாத்துக் கொல்லையில இதே மாதிரி ஒண்ணு நின்னுது. அதை வெட்டினா. அதுக்கப்புறம் இது வெறுமனே பூத்துக் கொட்டறது, பெருக்கி மாளல."

"அது ஆண். இது பெண். அவ்வளவுதான் விஷயம்."

"அப்போ இவளும் என்னை மாதிரி ஆம்படையான் போனவள்னு சொல்லுங்கோ" என்று மாமி சிரித்தார். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

வீடு விலை பேசியாகிவிட்டது, அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்பதையும் அப்போதே சொன்னார். பதிவு முடிவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகனும் அனுமதி கொடுத்தார். எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தலைக்கொழுந்து. இந்தக் குடும்பத்து மரங்களில் நடுத்தண்டு நேரே மேலே போகும், கிளைகள் பக்கவாட்டில் படரும். நடுத்தண்டின் உச்சியிலிருந்து எடுத்த கொழுந்தை ஒட்டினால் செடி நிமிர்ந்து மரமாகும். பக்கக்கிளையிலிருந்து எடுத்து ஒட்டினால் செடி பிழைக்கும், பூக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பக்கக்கிளையாகவே தரையில் படுத்துப் படரும். ஆகவே உச்சிக்கு ஏறியாக வேண்டும். கிளைகளோ படக்கென்று ஒடிகிற சாதி.

அதற்குத்தான் செல்வராஜ் அண்ணன். களியக்காவிளைக்காரர். கயிறும் இடுப்புப் பட்டையும் சொந்தமாக வைத்திருந்தார். மரத்தைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "ஏறலாம்டே. அடிமரத்தோட ஒட்டிக் காலைச் சவுட்டணும், கிளையை நம்பப்பிடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் கூலிக்கு அனுமதி கேட்டு நான் எழுதிய தாளை, அலுவலகத்தில் கணக்குப் பிரிவுப் பிரசன்னா மேடம் என்னிடமே திருப்பித் தந்தார்.

"மூணு கொட்டேஷன் இல்லாதெ பாஸ் ஆக்க பற்றில்ல, இசக்கி. ஆடிட் வரும்."

"மேடம், இது மரம் ஏறுற வேலை. மூணு பேர் எங்கே கிடைப்பாங்க?"

"கிடைக்கும்படி பண்ணு. பின்னே, இன்ஷூரன்ஸ் பேப்பரும் வேணும் கேட்டோ."

போனில் சொன்னபோது அண்ணன் வெகுநேரம் சிரித்தார். "மூணு கொட்டேஷனா? இந்த ஊர்ல கொட்டேஷன்னா ஆளை வெட்டுகதுக்குல்லா குடுப்பாங்க! நான் மரத்துல ஏறுகதுக்கா? மரம் ஒண்ணு, ஏறுகவன் ஒருத்தன். மத்த ரெண்டு பேரும் கீழ நின்னு அண்ணாந்து பாக்கவா?"

ஆனாலும் வந்தார். அலுவலக அனுமதி இன்று வரும் என்று நான் சொன்னதை நம்பி இரண்டு முறை கயிற்றோடு கரமனைக்கு வந்து, வராத அனுமதிக்காகக் காத்திருந்து திரும்பினார். என் கைக்காசைத் தருகிறேன் என்றேன். அலுவலக வேலையில் தனிக்காசு கலக்கக் கூடாது, விழுந்தால் யார் பொறுப்பு என்று சாருக்கு மேலே இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். பதிவு நாள் வந்துவிட்டது. அன்று காலை கூப்பிட்டால் அண்ணன் பூவாறில் தென்னந்தோப்பில் இருந்தார். "எனக்கும் பிள்ளையள் உண்டுல்லாடே" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அதனால்தான் அந்தக் கொல்லையில் நாங்கள் நான்கு பேர்.

"நான் ஏறுறேன் சார்" என்றேன்.

"வேண்டாம்."

"கயிறு இருக்கு."

"நீ வீழ்ந்தா உன் அப்பாகிட்ட நான் எந்து சொல்லும்? பாரு, பில்டர்கிட்ட நான் பேசியாச்சு. மரம் முறிக்கும்போது நம்மளை விளிக்கும். தலை தானே கீழே வரும், அப்போ சுகமா எடுக்கலாம். இப்போ கைக்கு எட்டினது எடு. ஒண்ணும் இல்லாத்ததுக்கு இது இருக்கட்டும், அல்லே?"

மகன் மறுபடி மணி பார்த்தார். "சார், பன்னிரண்டுக்கு நான் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கணும்."

மேட்டில் நின்று, தொரட்டிக் கம்பால் தாழ்ந்த கிளைகளின் நுனிகளை வெட்டி இறக்கினேன். வெட்டுவாயெல்லாம் சிவந்தது. இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டைக்குள் வைத்துக் கட்டினேன். மாமி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து மேட்டுக் கல்லில் வைத்தார், என் கையில் தரவில்லை. குடித்துக் கழுவி அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

பில்டர் கூப்பிடவில்லை. ஓணம் விடுமுறையில் மரம் விழுந்தது. விடுமுறை முடிந்து நாங்கள் போனபோது தகரத் தடுப்புக்குள் மண் சமன் செய்திருந்தார்கள். காவல்காரர் வங்காளத்துக்காரர். மரத்தின் தலை எங்கே என்று நான் கேட்டதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

ஆக, கையில் இருந்தது பக்கக்கிளை ஒட்டுகள் மட்டுமே. அவற்றை நான் கட்டியதைப் பற்றி இப்போதும் எனக்குப் பெருமை உண்டு. ஒட்டைத் தாங்குகிற வேர்க்கன்றுக்கு மலையடிவாரச் சதுப்பிலிருந்து வந்த வேறு பயின் இனம். பென்சில் பருமன் தண்டைக் கிடையாக வெட்டி, நடுவில் பிளந்து, சிவப்புச் சாறு நிற்கும்வரை தண்ணீர்த் துளி விட்டுக் கழுவ வேண்டும். சாறு உறைந்தால் ஒட்டாது. கொழுந்தின் அடியை இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் ஆப்பாகச் சீவி, பட்டையோடு பட்டை பொருந்தச் செருகி, பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றி, மேலே ஒரு சிப்-அப் கவரைத் தொப்பியாகப் போட வேண்டும். பிள்ளைகள் ஐஸ் உறிஞ்சிவிட்டுப் போடுகிற அதே நீளக் கவர்தான். அதைவிடப் பொருத்தமான ஒன்றை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. சார் பின்னால் நின்றார். கண்ணாடியைத் தொடவே இல்லை.

அத்தனையும் பிடித்தன என்றே சொல்லலாம். கயிற்றில் தொங்கவிட ஏதும் இல்லை. மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள், சிப்-அப் தொப்பிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 'ஒட்டுப் பிடித்த விகிதம்' என்ற தலைப்பின் கீழ் அது ஒரு சாதனையாகப் போனது. அந்தச் சாதனையின் பேரில் சாருக்குப் பதவி உயர்வு வந்தது, வட மாவட்டத்துக்குப் போனார். போகும்போது என் தோளில் கை வைத்தார். அதுவரை வைத்ததில்லை.

"கட்டி நிறுத்து, நுனியை முறி, அடியிலிருந்து ஒரு கொம்பு நேரே வந்தாலும் வரலாம். மிளகில் இப்படி நான் பார்த்திருக்கேன். நோக்கு."

நோக்கினேன். ஒவ்வொரு செடிக்கும் மூங்கில் நட்டுக் கட்டினேன். கட்டியவரை நிற்கும், அதற்கு மேல் வந்த துளிர் பக்கவாட்டில் கையை நீட்டும். நுனியை ஒடித்தால் இரண்டு கையாக நீட்டும். வருஷங்கள் போயின. பாத்தி முழுவதும் முழங்கால் உயரத்தில் பாய் விரித்த மாதிரி பச்சையாகப் படர்ந்தது. வேலைக்கு வருகிற பெண்கள் "இசக்கியோட கட்டில்" என்று கேலி செய்வார்கள். வீட்டில் அப்பா, "ஏல, மரம் எந்தரிச்சிட்டா?" என்று கேட்பார். முதலில் வாரம் ஒரு முறை கேட்டார். அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை கேட்டார்.

ஐந்தாவது வருஷம் அது பூத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெண் பூக்கள். தோட்டத்தின் மறுகோடியில் நான்கு ஆண் மரங்களும் பூத்து நின்றன. அன்று நான் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை. தரையில் படுத்திருந்தாலென்ன, பெண் பெண்தான். காய் பிடித்தால் விதை. விதையிலிருந்து வருகிற கன்று நிமிர்ந்தே வளரும். ஒட்டுச் செடியின் படுக்கைக் குணம் விதைக்கு இல்லை. இன்னும் ஒரு பருவம் போதும்.

மதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் வந்தது, மூன்று பேர். தலைவர் மெலிந்த, மரியாதையான மனிதர். தரையில் குந்தி ஒரு பூவை எடுத்துத் தானே பார்த்தார். நான் சொன்னதையெல்லாம் இடையில் வெட்டாமல் கேட்டார்.

"நீ பறஞ்சது கரெக்டு, இசக்கி. சயன்ஸ் கரெக்டு. விதை வரும், அது முளைச்ச தை நேரே வளரும். எனிக்கு அதில் சம்சயமில்ல."

"அப்போ ஒரு வருஷம் தாங்க சார்."

அவர் கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்த பெண் மரங்கள் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தலைக்கொழுந்து கிடைக்கும் என்று நம்பியிருந்த காலத்தில் ஸ்ரீகுமார் சாரே எழுதிய வாக்கியம் அது.

"இதில் ஏதெங்கிலும் ஒரு மரம் உன் உயரம் உண்டோ?"

இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். முகத்தில் வருத்தம் இருந்தது, அதையும் நான் சொல்ல வேண்டும்.

அன்றே சாருக்குப் போன் செய்தேன். பூத்த விஷயத்தைச் சொன்னதும் "சத்தியமாயிட்டு?" என்று கத்தினார். குழுவைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஒரு கடிதம் எழுதுங்க சார்."

"எழுதலாம். பக்ஷே அந்தப் பிராஜெக்டில் நான் இப்போ ஆரும் அல்ல, இசக்கி. நான் சொல்றதை அவங்க எந்து கொண்டு கேட்கணும்?"

கடிதம் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. நான் பிறகு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திட்டம் மூடப்பட்டது. அந்த இடத்தில் புதிய ஆய்வுக்கூடத்துக்கு அஸ்திவாரம் போட வேண்டியிருந்ததால் பாத்தியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. ஓரத்தில் ஒரு வரிசையை மட்டும் விட்டுவைக்கக் கேட்டேன். வரைபடத்தில் அங்கே கழிவுநீர்த் தொட்டி வருகிறது என்றார்கள். இரண்டு செடிகளை மண்ணோடு பெயர்த்து வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தருகே வைத்தேன். வாடகை வீடு. சோப்புத் தண்ணீரில் இரண்டும் போயின.

காலி செய்ய ஆள் பிடிப்பதும் என் வேலையே. இவ்வளவு சிறிய வேலைக்குச் சாலைக் கடைத்தெருவில் கூலிக்கு நிற்கிறவர்கள் யாரும் வரவில்லை. அப்பாதான், "நானும் வாரேம்ல, எங்கூடப் பூசுத அந்தோணியையும் கூட்டிட்டு வாரேன். உள்ளூர் ஆளுக்குக் குடுக்கத எங்களுக்குக் குடு" என்றார். நான் வேலை பார்த்த இடத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வெளுத்த சட்டை போட்டு வந்தார். கேட்டில் காவலாளி பெயர் கேட்டதும் என் பெயரைச் சேர்த்துச் சொன்னார்.

வெட்டுக்கத்தி பட்ட இடமெல்லாம் சிவப்பு வடிந்தது. அந்தோணி மாமா கையை வெட்டிக்கொண்டதாக நினைத்து ஒருமுறை உதறினார். அப்பாவின் வெளுத்த சட்டை சீக்கிரமே கறையாகிவிட்டது. பாதிப் பாத்தி முடிந்திருக்கும், அப்பா குனிந்தவர் அப்படியே நின்றார். ஒரு கிளையைத் தூக்கிக் காட்டினார். இலைக் கணுவில் மிளகு பருமனில் பச்சையாக மூன்று பிஞ்சு.

"ஏல, இது காய்ச்சிருக்கு."

"ஆமாப்பா."

"காய்ச்ச மரத்தையாலே வெட்டச் சொல்லுதாங்க?"

"ஆமா."

"நீ சொன்னியா அவுகட்ட?"

"பிஞ்சு அப்ப வரல. நேத்து பாத்துட்டு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். ஆர்டர் ஆயிட்டுன்னுட்டாங்க."

அவர் அந்தக் கிளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தோணி மாமா, "அண்ணாச்சி, வண்டிக்காரன் வெயிட்டிங் கேப்பான்" என்றார். அப்பா கிளையை மற்றவற்றோடு போட்டுவிட்டு அடுத்த செடிக்குக் குனிந்தார். பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

பில்லை நானே எழுதிப் பிரசன்னா மேடத்திடம் கொடுத்தேன். சின்னத் தொகை, எந்தக் கேள்வியும் இல்லாமல் அன்றே பாஸ் ஆனது. இரண்டு ஆள் கூலி, குப்பை ஏற்றிய வண்டி வாடகை, மூன்று டீ. கரமனை மரம் தோட்டத்துக்குக் கடைசியாக வைத்த செலவு, அப்பாவின் ஆயிரத்து நூறையும் சேர்த்து, மூவாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.